கூடி உண்ணும் கூழ்

சமையலில் இரு வழிகள் உண்டு. பல கலங்களில் பல கறிகளை வேறுவேறாக ஆக்கி, சோற்றைச் சூழ வரிசையாகப் படைப்பது ஒரு வழி. தானியம், கிழங்கு, மரக்கறி, மீன், இறைச்சி ஆகிய யாவற்றையும் ஒரே கலத்தில் இட்டு, ஒன்றன் சுவை மற்றொன்றில் ஊறுமாறு ஆக்கி, அக்கலத்தைச் சுற்றியிருந்து உண்பது மற்றொரு வழி. முன்னையதை விருந்தின் வழி என்றும், பின்னையதை உழைப்பாளியின் வழி என்றும் கூறலாம். வயலிலும் கடலிலும் பாடுபட்டு மாலையில் வீடு திரும்பும் குடும்பத்துக்கு நான்கு கறி ஆக்க நேரமுமில்லை, விறகுமில்லை. ஆதலின் உலகின் எல்லா நாடுகளிலும் ஒருகல உணவு எளியோர் குடிசையிலேயே பிறந்தது. அது பிறகு எல்லோர் நாவையும் வென்றது.

இவ்வகை உணவுக்கு மேனாடுகளில் பெயர்பெற்ற இடம் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள லூசியானா மாநிலமாகும். அங்கு வாழும் கேஜன் மக்களின் சமையல் பெரும்பாலும் ஒரே இரும்புத் தாச்சியில் முடிந்துவிடும். இறைச்சியைக் கொத்தி, உறையில் அடைத்து, புகையூட்டிய சொசேஜை வட்டம் வட்டமாக அரிந்து முதலில் தாச்சியில் இடுவர். அதிலிருந்து உருகி வடியும் கொழுப்பிலேயே வெங்காயம், கறிமிளகாய், செலரித் தண்டு ஆகிய மூன்றையும் வதக்குவர். பின்னர் அரிசியும் நீரும் சேர்த்து அங்கேயே வேகவிட்டால் அது ஜம்பலாயா எனப்படும். குழம்பாக்கித் தடிப்பேற்றினால் கம்போ எனப்படும். கம்போ என்னும் சொல் நமது வெண்டிக்காய்க்கு ஆபிரிக்க மொழிகளில் வழங்கிய பெயரிலிருந்து வந்ததாகும். வெண்டிக்காயின் வழுவழுப்பே அக்குழம்புக்குத் தடிப்பைக் கொடுத்தது. வெண்டிக்காய் கிடைக்காத காலங்களில் அந்நாட்டுப் பழங்குடியினர் காட்டிக்கொடுத்த சாசபிராஸ் என்னும் மரத்தின் இலைப்பொடியைத் தூவித் தடிப்பேற்றினர்.

இக்கேஜன் மக்கள் யாவர்? இவர்களுடைய முன்னோர் பிரெஞ்சு மொழி பேசிய அகேடியர். கனடாவின் கீழ்க்கரையில் வேளாண்மை செய்து வாழ்ந்தவர்கள். 1755ஆம் ஆண்டு தொடக்கம் ஆங்கிலேய ஆட்சியாளர் அவர்களை ஊரைவிட்டு அகற்றிக் கப்பல்களில் ஏற்றிச் சிதறடித்தனர். அவர்களுட் சிலர் பல ஆண்டுகள் அலைந்து லூசியானாவின் சதுப்புநிலங்களைச் சேர்ந்தனர். அகேடியர் என்ற சொல்லே தேய்ந்து கேஜன் ஆயிற்று. வீடும் நிலமும் போயின. ஆனால், கிடைத்ததை ஒரு கலத்தில் இட்டுக் கூடியிருந்து உண்ணும் வழக்கம் போகவில்லை. புதிய நிலத்தின் நண்டையும் இறாலையும், அயலவரான ஆபிரிக்கரின் வெண்டிக்காயையும், பழங்குடியினரின் இலைப்பொடியையும் தம் கலத்துள் ஏற்றுக்கொண்டு அவ்வழக்கம் முன்னிலும் செழித்தது.

இதற்கு நிகரான உணவு கொழும்பு நகரத்தில் உண்டா என்று வினவினால், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கொத்து ரொட்டியாகும். அகன்ற இரும்புத் தட்டில் ரொட்டி, முட்டை, லீக்ஸ், கரட், வெங்காயம், இறைச்சிக் குழம்பு யாவும் இரு தகடுகளால் தாளத்தோடு கொத்தப்படும் ஓசை, மாலை நேரத்தில் காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையின் கடைத்தெருக்களிலும் எவர் செவிக்கும் எட்டும். ஒரே இரும்பின்மேல் ஆகும் நிறைவான உணவு என்ற அளவில் அது கேஜன் தாச்சிக்கு உறவுடையதே. ஆயினும் அது கடையில் ஆக்கி, பெரும்பாலும் தனித்தனித் தட்டில் உண்ணப்படுவது. வீட்டில், ஒரு கலத்தில், கூடியிருந்து உண்ணும் உணவு என்று பார்த்தால், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கொண்டுவந்த ஒடியற் கூழே அப்பெயருக்கு முற்றும் உரியது.

கூழ் என்றவுடன் ஆடிப்பிறப்பன்று காய்ச்சும் இனிப்புக் கூழ் சிலர் நினைவில் எழக்கூடும். அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், பனங்கட்டி சேர்ந்த அக்கூழை நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டு நாடெங்கும் அறியச் செய்தது. ஒடியற் கூழ் அதனின் வேறானது. உறைப்பும் புளிப்பும் உவர்ப்பும் உடையது. கடலும் தோட்டமும் பனங்கூடலும் ஒன்றுகூடும் இடம் அது. மீன், நண்டு, இறால், கணவாய் ஆகியன கடலின் பங்கு. மரவள்ளிக் கிழங்கு, பயிற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை ஆகியன தோட்டத்தின் பங்கு. இவற்றையெல்லாம் ஒன்றாகப் பிணைக்கும் ஒடியல் மா பனையின் பங்கு.

ஒடியல் என்பது யாது? ஆடி, ஆவணி மாதங்களையொட்டிப் பனம்பழம் விழும். பழத்தைப் பிழிந்து பனாட்டுக்குக் களி எடுத்தபின் எஞ்சும் கொட்டைகளை மணல்நிலத்தில் பாத்தி கட்டி அடுக்கி, மண்ணால் மூடிவிடுவர். மாரி மழையில் அவை முளைத்து, நிலத்தினுள்ளே கிழங்கை இறக்கும். மார்கழி, தை மாதங்களில் பாத்தியைக் கிண்டினால் ஒரு சாணுக்கு மேற்பட்ட நீளமுள்ள பனங்கிழங்குகள் கிடைக்கும். அவற்றை அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். அதனை அப்படியே கடித்து உண்ணலாம். அவிக்காமல் பச்சையாகவே இரண்டாகக் கிழித்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். ஒடியலை இடித்து அரித்து எடுப்பதே ஒடியல் மா. வெயிலைத் தவிர வேறு செலவின்றி, அடுத்த மாரி வரை கெடாது இருக்கும் உணவு இது. நெல் பொய்த்த ஆண்டுகளில் வடபகுதி மக்களைக் காத்த உணவுகளுள் ஒடியற் பிட்டும் ஒடியற் கூழும் முன்னிற்பன.

ஒடியல் மாவுக்கு ஒரு கைப்பு உண்டு. அக்கைப்பை நீக்கும் முறையை அறியாதவர் கூழ் காய்ச்சப் புகுவது தகாது. மாவை ஒரு பெரிய கலத்தில் இட்டு, அதைப்போல் ஐந்தாறு மடங்கு நீர் விட்டுக் கரைத்து, ஒரு மணி நேரமேனும் அசைக்காமல் வைக்க வேண்டும். மா அடியில் படியும். மேலே தெளிந்த நீர் மஞ்சள் படர்ந்து நிற்கும். அந்நீரை வடித்து ஊற்றிவிட்டுப் புதுநீர் விட வேண்டும். இரண்டு அல்லது மூன்று முறை இவ்வாறு செய்தபின், அடியில் நிற்கும் மாவே கூழுக்கு உரியது. நீரில் கரையும் கைப்புப் பொருள் நீரோடு போய்விடும். நீரில் கரையாத மாப்பொருள் கலத்தில் தங்கிவிடும். பள்ளி மாணவர் அறிந்த இவ்வெளிய உண்மையை எழுத்தறியா மூதாட்டியரும் தம் குசினியில் நாள்தோறும் செய்து காட்டினர்.

இம்முறையை வெறும் சுவைக்காக மாத்திரம் கைக்கொள்ள வேண்டும் என்று எண்ணுதல் தவறு. பச்சை ஒடியல் மாவை எலிகளுக்கு உணவாகக் கொடுத்து இலங்கைப் பல்கலைக்கழக ஆய்வாளர் 1970களில் வெளியிட்ட ஆய்வு, அது அவ்வுயிர்களுக்குத் தீங்கு விளைத்ததை எடுத்துக்காட்டியது. கூழை எப்போதாவது உண்போர் இதனால் அஞ்ச வேண்டியதில்லை. எனினும் ஊறவைத்து நீரை வடித்தல், நன்றாகக் கொதிக்க வைத்தல், ஒடியல் மாவையே அன்றாட உணவாகக் கொள்ளாதிருத்தல் ஆகிய மூன்றையும் விடாது காப்பது அறிவுடைமையாகும். அவசரத்தின் பொருட்டு முதல் இரண்டையும் சுருக்குவோர், முன்னோர் பட்டறிவால் கண்ட காவலை அறியாமலே கைவிடுகின்றனர்.

யாழ்ப்பாணத்து மணலில் விளைந்த இம்மா கொழும்புக்கு வந்த வழியும் எண்ணத்தக்கது. அரசாங்க உத்தியோகத்துக்கும் வாணிகத்துக்கும் வடக்கிலிருந்து வந்தவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியமர்ந்தனர். ஆண்டு விடுமுறையில் ஊர் சென்று திரும்புகையில் அவர்களுடைய பெட்டிகளில் ஒடியல், பனாட்டு, கருவாடு, மிளகாய்த்தூள் ஆகியன தவறாது இடம்பெற்றன. 1956ஆம் ஆண்டு சித்திரையில் ஓடத் தொடங்கிய யாழ்தேவிப் புகையிரதம் இப்பயணத்தை ஒரு பகற்பொழுதின் வேலையாக்கிற்று. 1958ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் கொழும்பில் வன்செயல் மூண்டபோது, அதே மக்களுட் பலர் உடுத்த துணியோடு கப்பலேறி வடக்கே செல்ல நேர்ந்தது. பின்னர் வடக்கில் போர் முற்றியபோது, அங்கிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் மீண்டும் வெள்ளவத்தையை நாடி வந்தன. 1990ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் போக்குவரத்து நின்றது. 2014ஆம் ஆண்டு ஐப்பசியிலேயே அது மீண்டும் யாழ்ப்பாணம் வரை சென்றது. இடைப்பட்ட கால் நூற்றாண்டில், போரிடை அகப்பட்டும் காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டும் பெருந்தொகையான பனைகள் அழிந்தன. அக்காலத்தில் ஊரிலிருந்து வந்த ஒரு சிறு பொதி ஒடியல் மாவை, கொழும்பிலிருந்தோர் உணவுப்பொருளாக மாத்திரம் கருதவில்லை. அதைக் கொடுத்து அனுப்பியவர் உயிரோடு இருக்கின்றார் என்பதற்கு அதுவே சான்றாகவும் இருந்தது.

இனி, கூழை ஆக்கும் முறையைக் காண்போம். பத்துப் பேருக்கு ஒடியல் மா கால் கிலோ போதும். சிறிய முள்ளுள்ள மீனைத் தவிர்த்து, விளைமீன், பாரை போன்ற சதைப்பற்றுள்ள மீன் அரைக் கிலோவைத் தலையோடு கொள்ள வேண்டும். தலையில்லாத கூழில் சாரமில்லை. நடுத்தர நண்டு நான்கு, இறால் கால் கிலோ, கணவாய் கால் கிலோ வேண்டும். மரவள்ளிக் கிழங்கு கால் கிலோ, பயிற்றங்காய் நூற்றைம்பது கிராம், தோலுரித்த பலாக்கொட்டை இருபத்தைந்து, ஒரு கைப்பிடி அரிசி, இரண்டு கைப்பிடி முருங்கையிலை என்பன தோட்டத்துப் பொருள்கள். செத்தல் மிளகாய் பதினைந்தை நீர் தெளித்துச் சிறிது மஞ்சளுடன் பசையாக அரைக்க வேண்டும். தேசிக்காய் அளவு பழப்புளியைக் கரைத்துச் சக்கையை நீக்கி வைக்க வேண்டும். நீர் மூன்று லீற்றர். உப்பு அளவறிந்து சேர்க்க வேண்டும்.

ஒருகல உணவு என்றால் எல்லாவற்றையும் ஒருங்கே கொட்டிக் கிண்டுவது என்று கருதுவோர் உளர். இதைவிடப் பெரிய பிழை இல்லை. ஒரே கலத்தில் ஆவதனாலேயே ஒழுங்கு இங்கு மிகுதியாக வேண்டப்படுகின்றது. பல கலங்களில் ஆக்கும்போது ஒரு கறி பிழைத்தால் மற்றக் கறி காப்பாற்றும். இங்கு ஒன்று பிழைத்தால் யாவும் பிழைக்கும். எது வேக நெடுநேரம் வேண்டுமோ அது முன்னும், எது விரைவில் வேகுமோ அது பின்னும் கலத்துட் செல்ல வேண்டும். கேஜன் சமையற்காரர் சொசேஜை முதலில் இடுவது அதன் கொழுப்பு ஏனையவற்றுக்கு உதவ வேண்டும் என்பதற்காக. நம்மவர் பலாக்கொட்டையை முதலில் இடுவது அதன் வன்மை கருதி. காரணம் வேறாயினும், வரிசை தவறலாகாது என்னும் விதி இரு நாட்டுக்கும் ஒன்றே.

முதலில் நீரைக் கொதிக்கவைத்து அரிசியையும் பலாக்கொட்டையையும் இட வேண்டும். அவை அரைவேக்காடானதும் மரவள்ளிக் கிழங்கைத் துண்டுகளாக்கிச் சேர்க்க வேண்டும். இவ்வேளையில் பானையை மூடலாகாது. மரவள்ளியில் இயல்பாகவே உள்ள ஒரு பொருளிலிருந்து நச்சுவாயு தோன்றக்கூடும்; திறந்த பானையில் கொதிக்கையில் அது ஆவியோடு வெளியேறிவிடும். தோலை முற்றும் நீக்கி, வெட்டியவுடன் நீரிலிட்டுக் கழுவுதலும் நன்று. மரவள்ளியோடு இஞ்சியைச் சேர்ப்பது ஈழத்துச் சமையலில் வழக்கமன்று. ஆதலின் கூழிலும் இஞ்சிக்கு இடமில்லை.

கிழங்கு வெந்துவரும்போது பயிற்றங்காயை ஓரங்குல நீளத்தில் வெட்டி இட வேண்டும். அடுத்து நண்டையும் மீன்தலையையும் சேர்க்க வேண்டும். இவை இரண்டும் தம் சாரத்தை நீருக்குக் கொடுக்கப் பத்து நிமிடமாவது வேண்டும். அதன்பின் மீன் துண்டுகளும் இறாலும் கணவாயும் செல்லும். கணவாய் அதிகம் கொதித்தால் இறுகும். மீன் அதிகம் கொதித்தால் கரையும். ஆகவே அவை கடைசிக் கட்டத்துக்கு உரியன. மீன் சேர்த்தபின் அகப்பையால் கலக்கும் கை மென்மையாக இருத்தல் வேண்டும்.

புளியை ஏன் இதுவரை சேர்க்கவில்லை என்று சிலர் வினவலாம். புளிப்புப் பொருள் சேர்ந்த நீரில் கிழங்கும் காயும் மெதுவாகவே மெத்தெனப்படும். முதலிலேயே புளியை விட்டவர் பலாக்கொட்டை வேகவில்லை என்று அரைமணி நேரம் அடுப்போடு போராட நேரும். எனவே, யாவும் வெந்தபின் புளிக்கரைசலையும் மிளகாய்ப் பசையையும் வடித்துவைத்த ஒடியல் மாவையும் ஒன்றாகக் கரைத்து ஊற்றுவதே முறை.

அம்மாவை ஊற்றும் வேளைதான் கூழின் உயிர்நிலை. மா குளிர்நீரில் கட்டியின்றிக் கரைந்திருக்க வேண்டும். உலர்ந்த மாவைக் கொதிநீரிற் கொட்டினால், ஒவ்வொரு கட்டியின் வெளிப்புறமும் உடனே வெந்து தோல்போல் மூடிக்கொள்ளும். உட்புறம் மாவாகவே கிடக்கும். குளிர்நீரிற் கரைத்த மாவோ துகள் துகளாகப் பிரிந்து பரவுகின்றது. வெப்பம் ஏறுகையில் ஒவ்வொரு துகளும் நீரை உறிஞ்சிப் பருத்து, குழம்பைத் தடிப்பாக்குகின்றது. கேஜன் குழம்பில் வெண்டிக்காயும், கொழுப்பில் வறுத்த கோதுமை மாவும் செய்யும் தொழிலை இங்கு பனங்கிழங்கு செய்கின்றது. ஒருவர் மெல்ல ஊற்ற, மற்றொருவர் இடைவிடாது துழாவ வேண்டும். இருவர் கை இல்லாமல் கூழ் நன்றாக அமைவது அரிது. தீயைத் தணித்து, அடிப்பிடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் துழாவிக் கொதிக்கவிட்டு, இறுதியில் முருங்கையிலையைத் தூவி, உப்பைச் சரிபார்த்து இறக்கிவிடலாம். அகப்பையிலிருந்து தொடர்ந்து ஒழுகும் பதமே சரியான பதம். ஆறும்போது கூழ் மேலும் இறுகும். ஆகையால் அடுப்பில் சற்று நெகிழ்வாகவே இருக்க வேண்டும்.

சைவ உணவினரும் இக்கூழை இழக்க வேண்டியதில்லை. கடற்பொருளுக்கு ஈடாகப் பலாக்கொட்டையையும் பயிற்றங்காயையும் கூட்டி, தேங்காய்ச் சொட்டும் வேறு கீரைவகைகளும் சேர்த்தால் சுவையான சைவக் கூழ் கிடைக்கும். இருவகையினரும் கூடும் வீட்டில் ஒரு நல்ல உபாயம் உண்டு. அரிசியும் கிழங்கும் காயும் வெந்து முடிந்த நிலையில், மீன் சேர்ப்பதற்கு முன் ஒரு பங்கை வேறு பானைக்கு மாற்றி, அதற்குரிய புளியையும் மாவையும் அதில் ஊற்றிவிடலாம். அடுப்பு இரண்டானாலும் கூழின் அடித்தளம் ஒன்றே. நோன்பிருக்கும் பாட்டியும் நண்டை விரும்பும் பேரனும் ஒரே முற்றத்தில் ஒரே வேளையில் உண்ணலாம்.

ஊரில் கூழைப் பனையோலையால் கோலிய பிளாவில் வார்த்துக் குடிப்பர். பலாவிலையை ஈர்க்கால் குத்திக் கரண்டியாக்கிக் கொள்வதும் உண்டு. கொழும்பில் பிளாவும் பலாவிலையும் எளிதிற் கிடையா. கிண்ணமும் கரண்டியும் அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. ஆயினும் சுடச்சுடக் குடிக்க வேண்டும் என்பதிலும், பானையைச் சுற்றியிருந்து குடிக்க வேண்டும் என்பதிலும் மாற்றமில்லை. நண்டின் ஓட்டை உடைத்துச் சதையை எடுக்கவும் மீன்தலையின் முள்ளை ஒதுக்கவும் நேரம் வேண்டும். அந்நேரத்தில் வாய் உண்பதோடு நில்லாது பேசவும் செய்யும். விரைந்து உண்டு எழ முடியாத உணவு இது. இதன் பெருமையும் அதுவே.

உடல்நலத்தை நோக்கினும் இக்கூழ் குறைந்ததன்று. கிழங்கும் மாவும் வலுவைத் தருகின்றன. மீனும் நண்டும் பலாக்கொட்டையும் புரதத்தைத் தருகின்றன. கீரையும் காயும் உயிர்ச்சத்துகளையும் நார்ப்பொருளையும் தருகின்றன. வேகும் நீர் வடிக்கப்படாமையால் அதில் இறங்கும் சத்தும் வீணாவதில்லை. நீரிழிவு உடையோர் மாப்பொருளின் மிகுதியை எண்ணி அளவோடு கொள்ளுதல் வேண்டும். நண்டும் இறாலும் ஒவ்வாத உடம்பினர் சைவக் கூழை நாடுதல் வேண்டும். சிக்கனத்தைப் பற்றியோ அதிகம் கூற வேண்டியதில்லை. 2022ஆம் ஆண்டில் எரிவாயுத் தட்டுப்பாடு வந்து, கொழும்பு மக்கள் வெறுங் கொள்கலன்களோடு வீதியில் வரிசையாக நின்றபோது, ஓரடுப்பில் முடியும் உணவின் அருமையை மாடிவீட்டாரும் உணர்ந்தனர்.

இத்தனை சிறப்பிருந்தும் இவ்வுணவு நகரத்திற் குறைந்துவருகின்றது. காரணம் சுவையின் குறைவன்று, ஆட்களின் குறைவே. வெள்ளவத்தையிலுள்ள தொடர்மாடி வீடொன்றை எண்ணிப் பார்க்கலாம். எழுபது வயதைக் கடந்த தாயொருத்தி அங்கு தனியே இருக்கின்றாள். பிள்ளைகள் கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழ்கின்றனர். ஊரிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய ஒடியல் மா அலுமாரியில் இருக்கின்றது. அவளுக்குக் கூழ் காய்ச்சத் தெரியும். ஆனால் ஒருத்திக்காகக் கூழ் காய்ச்ச முடியாது. ஒரு கோப்பைக் கூழுக்காக ஒரு நண்டு, இரண்டு இறால், ஒரு மீன்தலையில் நாலிலொரு பங்கு என்று சந்தையில் எவர் வாங்குவார்? மாவை ஊற்றும்போது துழாவுவதற்கு இரண்டாவது கை எங்கே? மா வண்டு பிடித்து வீணாகின்றது. அதே வேளையில் தொறன்ரோ நகரில், கடையில் வாங்கிய ஒடியல் மாவை முன்னே வைத்துக்கொண்டு, எத்தனை முறை நீர் வடிக்க வேண்டும் என்று தொலைபேசியில் மகள் கேட்கின்றாள். “நீர் தெளிந்து வரும் வரைக்கும்” என்கின்றாள் தாய். “மாவை ஆர் ஊத்துறது, ஆர் துழாவுறது?” என்பது அவளுடைய அடுத்த கேள்வி.

அக்கேள்வியில் முழுச் சமையற் கலையும் அடங்கிவிடுகின்றது. இன்று இச்சிக்கலுக்கு வழி காண்பது அரிதன்று. ஒரே மாடியிலுள்ள நான்கு வீட்டார் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் கூடலாம். ஒரு வீட்டார் மீனும் நண்டும் கொணர, மற்றொரு வீட்டார் கிழங்கும் காயும் கொணர, முதியவள் மாவையும் அறிவையும் கொடுக்கலாம். கொட்டாஞ்சேனையின் சேர்ந்த வீடுகளில் இவ்வாறு கூடிச் சமைப்பது புதுமையன்று. வெள்ளவத்தையின் மாடிகளிலும் அது இயலாததன்று. அயலவர் சிங்களவராயினும் முஸ்லிம்களாயினும் இருக்கட்டும். மீனையும் மரவள்ளியையும் பலாக்கொட்டையையும் அறியாத குடும்பம் இத்தீவில் இல்லை. அவர்களுக்குப் புதியது ஒடியல் மா ஒன்றே. அதனையும் ஒருமுறை சுவைத்தால் அது பழகியதாகிவிடும். அன்றியும், இளையோர் அருகிருந்து பார்த்து, மூத்தோர் கைக்கணக்கைக் கிராமிலும் லீற்றரிலும் எழுதி வைத்துக்கொள்வது அவர்களின் கடமையாகும். கைக்கணக்கு கையோடு போய்விடும். எழுதிய கணக்கு அடுத்த தலைமுறைக்கு நிற்கும்.

அகேடியர் ஊரை இழந்தும் கலத்தை இழக்கவில்லை. வடபகுதித் தமிழரும் பலமுறை ஊரை இழந்து, ஒவ்வொரு முறையும் ஒரு சிறு பொதி மாவோடு புதிய அடுப்பை மூட்டியவர்களே. 1978ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை போன்ற அமைப்புகள் பனையையும் அதன் பொருள்களையும் பேணலாம். மாவைப் பொதிசெய்து நகரத்துக்கும் அனுப்பலாம். ஆனால், பானையைச் சுற்றி அமரும் ஆட்களைக் கடையில் வாங்குதல் இயலாது. அவர்களை அழைப்பது ஒவ்வொரு வீட்டாரின் பொறுப்பு. அடுத்த முறை ஊரிலிருந்து ஒடியல் மா வந்து சேரும்போது, அதை அலுமாரியில் வைப்பதற்கு முன் அயல்வீட்டுக் கதவை ஒருமுறை தட்டுவது நலம்.